சேர்ந்தவர்கள் ஏன் முடிப்பதில்லை? அமெரிக்கக் கல்லூரிகளில் ஹிஸ்பானிக் மாணவர்கள்: ஓர் எளிய விளக்கம்

அமெரிக்கக் கல்லூரி என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது எம்.எஸ். படிக்கப் போன பக்கத்து வீட்டுப் பையன்தான். வங்கிக் கடன், ஆய்வக வேலை, இரண்டு வருடத்தில் பட்டம், அப்புறம் வேலை. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு, "ஹிஸ்பானிக் மாணவர்கள் பாதியிலேயே படிப்பை விட்டுவிடுகிறார்கள்" என்ற செய்தியைப் படித்தால் இரண்டு விளக்கங்கள் தயாராக வந்து நிற்கும். ஒன்று, படிப்பில் அக்கறை இல்லை. இரண்டு, ஆங்கிலம் வராது. இப்படிச் சொல்பவர்கள் அமெரிக்காவிலும் நிறைய இருக்கிறார்கள். இரண்டுமே நடப்பதை விளக்குவதில்லை.

அக்கறை இல்லாதவர்கள் கல்லூரியில் சேர்ந்திருக்கவே மாட்டார்கள். ஹிஸ்பானிக் இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்து, அங்கேயே பள்ளி முடித்தவர்கள். ஆகவே ஆங்கிலம் வராது என்பதும் நிற்காது. பிறகு எங்கேதான் சிக்கல்? அதைப் புரிந்துகொள்ள, இளங்கலைப் படிப்பு அங்கே எப்படி ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இவர்கள் யார்?

ஸ்பானிஷ் பேசும் நாடுகளை வேராகக் கொண்டவர்களை அமெரிக்க அரசு ஹிஸ்பானிக் என்று பதிவு செய்கிறது. லத்தினோ என்ற சொல்லும் ஏறக்குறைய அதே மக்களைக் குறிக்கப் புழங்குகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

ஒரே பெயரில் அழைத்தாலும் இவர்கள் ஒரே கூட்டம் அல்ல. பெரும்பான்மையினர் மெக்சிகோ வழி வந்தவர்கள். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். மயாமியின் கியூபக் குடும்பம் ஒன்றுக்கும் கலிபோர்னியாவின் கீரைத் தோட்டங்களில் அறுவடை செய்யும் குடும்பம் ஒன்றுக்கும் வசதியில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கலாம்.

ஆனாலும் கல்லூரி விஷயத்தில் சில பொதுத்தன்மைகள் உண்டு. பலர் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போகிறவர்கள். அமெரிக்காவில் "முதல் தலைமுறை மாணவர்" என்றால் பெரும்பாலும் பெற்றோர் இருவருமே நான்காண்டுப் பட்டம் பெறாதவர்கள் என்று பொருள். (நம்மூரில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க அண்ணன், அக்காவும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அங்கே அண்ணன் கணக்கு பார்ப்பதில்லை.) பலர் படித்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து போய்வருகிறார்கள். கம்யூனிட்டி காலேஜ் எனப்படும், கட்டணம் குறைந்த இரண்டாண்டுக் கல்லூரியில் தொடங்குகிறவர்களும் இவர்களில் அதிகம்.

யாரும் வெளியே அனுப்புவதில்லை

நம்மூர்க் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்று ஆண்டுக்கு ஒரு தண்டவாளம் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். என்னென்ன பாடம், எந்த வகுப்பறை, எந்தத் தேர்வு என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். தேறாவிட்டால் அரியர். அரியரோடு அடுத்த செமஸ்டருக்குப் போய்க்கொண்டே இருக்கலாம்.

அமெரிக்க இளங்கலையில் அந்தத் தண்டவாளம் கிடையாது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் மாணவரே பாடங்களைத் தேர்ந்தெடுத்து, பதிவு செய்து, பணத்துக்கு வழி பண்ண வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் என்ற எடை உண்டு. பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட். இளங்கலைப் பட்டத்துக்குச் சுமார் 120 கிரெடிட் சேர வேண்டும்.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. அரசு உதவித்தொகை விதிப்படி செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர். எட்டு செமஸ்டருக்கு 12 வீதம் போட்டால் 96தான் வருகிறது. நான்கு ஆண்டில் முடிக்க செமஸ்டருக்கு 15 வேண்டும். "நான் முழுநேரம்தானே படிக்கிறேன்" என்று நம்பிக்கொண்டிருக்கும் மாணவிக்கு, ஒரு தோல்வியும் இல்லாமலே பட்டம் ஓராண்டு தள்ளிப்போகிறது. அம்மா அப்பா கல்லூரிக்குப் போன வீட்டில் இதைச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிடுவார்கள். இவளுக்குச் சொல்ல யாருமில்லை.

ஆக, பெரும்பாலோர் "படிப்பை விடுகிறேன்" என்று முடிவெடுத்து வெளியேறுவதில்லை. அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்வது நடக்காமல் போகிறது, அவ்வளவுதான். இந்த ஒருமுறை விட்டுவிட்டு அடுத்த முறை சேரலாம் என்ற எண்ணம். கல்லூரியும் ஃபோன் போட்டு விசாரிப்பதில்லை. கல்லூரியில் கொஞ்ச காலம் படித்து, எந்தச் சான்றிதழும் இல்லாமல் நின்றுபோன உழைக்கும் வயதினர் அமெரிக்காவில் மூன்றரைக் கோடிக்கும் மேல். எல்லா இனத்தவரும் அதில் உண்டு.

ஒரு பெருக்கல் கணக்கு

கிராமத்திலிருந்து பெரிய ஊருக்குப் பல பஸ் மாறிப் போகிற பயணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இணைப்பு பஸ்ஸும் கிடைக்க பெரும்பாலும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஏழு இடத்தில் மாற வேண்டும் என்றால்?

எட்டு செமஸ்டர் படிப்பில் முதல் சேர்க்கைக்குப் பிறகு ஏழு முறை மறுபதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் நூற்றில் 90 பேர் தொடர்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 90 என்பது நல்ல எண்ணாகத்தான் தெரிகிறது. ஏழு முறை பெருக்கிப் பாருங்கள்: கடைசி செமஸ்டரில் நிற்பவர்கள் ஏறக்குறைய 48 பேர். பாதிக்குக் கீழே.

இப்போது ஒவ்வொரு முறையும் 90க்குப் பதில் 95 பேர் தொடர்கிறார்கள் என்று மாற்றிப் போடுங்கள். முடிவில் ஏறக்குறைய 70 பேர் நிற்கிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஐந்தே பேர்தான் கூடுதல். கடைசியில் 22 பேர் கூடுதல்.

இந்தத் துறையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கணக்குதான். தாண்ட முடியாத ஒரு பெரிய சுவர் எங்கேயும் இல்லை. சின்னச் சின்ன வாசல்கள் நிறைய இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பேர் கழிகிறார்கள். அதனால்தான் ஊக்க உரை, வரவேற்பு விழா போன்ற ஒற்றை மருந்துகளுக்குப் பலன் தெரிவதில்லை. பல வாசல்களை ஒரே நேரத்தில் அகலப்படுத்தும் திட்டங்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு வேலை செய்கின்றன.

எண்ணும் முறையிலேயே ஒரு குழப்பம்

மூன்று விகிதங்களை ஊடகங்கள் கலந்து கட்டி அடிக்கின்றன. பிரித்து வைத்துக்கொள்வோம்.

தக்கவைப்பு விகிதம் என்றால் முதல் ஆண்டு சேர்ந்தவர்களில் இரண்டாம் ஆண்டு அதே கல்லூரிக்குத் திரும்பியவர்கள் எத்தனை சதவீதம் என்பது. தொடர்ச்சி விகிதம் என்றால் எந்தக் கல்லூரியிலாவது படிப்பைத் தொடர்கிறவர்கள். கல்லூரி மாறிய மாணவர் முதல் கணக்கில் இழப்பு, இரண்டாவது கணக்கில் வெற்றி. மூன்றாவது, பட்டம் முடிப்பு விகிதம்.

இந்த மூன்றாவதுதான் வில்லங்கம் பிடித்தது. 1990இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டத்தின்படி கல்லூரிகள் இதை வெளியிட வேண்டும். முதன்முறையாகக் கல்லூரியில் சேர்ந்து, முழுநேரமாகத் தொடங்கியவர்களை மட்டும் எடுத்து, உரிய காலத்தின் ஒன்றரை மடங்குக்குள், அதாவது நான்காண்டுப் படிப்பை ஆறு ஆண்டுக்குள், அதே கல்லூரியில் முடித்தவர்களைக் கணக்கிடுவார்கள். அப்படி 2010இல் நான்காண்டுக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டில் முடித்தவர்கள்: வெள்ளையர் 64 சதவீதம், ஹிஸ்பானிக் 54 சதவீதம், ஆசியர் 74 சதவீதம், கறுப்பினத்தவர் 40 சதவீதம்.

வெள்ளையருக்கும் ஹிஸ்பானிக் மாணவர்களுக்கும் உள்ள பத்துப் புள்ளி இடைவெளி உண்மைதான். ஆனால் பகுதிநேரமாகத் தொடங்கியவர், வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர் யாரும் இந்த எண்ணுக்குள் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். டெக்சாஸின் எல் பாசோவில் உள்ள பல்கலைக்கழகம் இதற்கு நல்ல உதாரணம். மாணவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஹிஸ்பானிக். எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரத்திலிருந்து பாலத்தில் வரிசையில் நின்று, சோதனை முடித்து, தினமும் வகுப்புக்கு வருபவர்களும் உண்டு. வேலை, குடும்பம், நடுவில் ஒரு செமஸ்டர் இடைவெளி என்று முன்பின்னாகப் படிப்பவர்கள் அங்கே அதிகம். 1988 முதல் 2019 வரை அதன் தலைவராக இருந்த டயானா நாட்டலிசியோ, எங்கள் பட்டதாரிகளில் பெரும்பகுதியினர் அரசின் கணக்கில் வருவதே இல்லை என்று பல ஆண்டு வாதாடினார். பின்னாளில் அரசுப் புள்ளிவிவரத்தில் பகுதிநேரத்தினரையும் மாறி வந்தவர்களையும் தனியாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். செய்தித் தலைப்புகளில் இன்னமும் பழைய எண்தான் ஓடுகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவு: படிப்பு என்பது ஏழெட்டு மறுபதிவுகளின் சங்கிலி, ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் பேர் கழிகிறார்கள், எத்தனை பேர் கழிந்தார்கள் என்பதைச் சொல்லும் எண்களுக்கும் வரம்பு உண்டு. இனி அந்தக் கண்ணிகள் எங்கே அறுகின்றன என்று பார்க்கலாம்.

பணம்: கட்டணத்தோடு முடிவதில்லை

ஏழை மாணவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு பெல் கிராண்ட் என்ற உதவித்தொகை தருகிறது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதை வாங்க ஃபாஃப்சா என்ற விண்ணப்பத்தை ஒவ்வோர் ஆண்டும் நிரப்ப வேண்டும். ஒருமுறை கொடுத்தால் போதும் என்று நினைத்து இரண்டாம் ஆண்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பெற்றோருக்கு வருமான வரிப் பதிவு, ஆங்கிலப் படிவம் என்றாலே கை நடுங்கும் வீடுகளும் உண்டு. 2024-25க்கான புதிய படிவம் வந்தபோது, சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் பல வாரம் படிவத்தை முடிக்கவே முடியாமல் திண்டாடினார்கள். பிள்ளை அமெரிக்கக் குடிமகள்தான். கணினி அமைப்புக்கு அம்மாவைத் தெரியவில்லை.

பணம் கிடைத்த பிறகும் ஒரு விதி துரத்துகிறது. உதவித்தொகை தொடர வேண்டுமானால் "திருப்திகரமான முன்னேற்றம்" காட்ட வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் இதன் ஒரு பகுதி, எடுத்த கிரெடிட்டில் 67 சதவீதமாவது தேறியிருக்க வேண்டும் என்பது. இது எப்படிக் கடிக்கிறது என்று ஒரு கற்பனை மாணவியை வைத்துப் பார்ப்போம்.

அவள் முதல் செமஸ்டரில் 12 கிரெடிட் எடுக்கிறாள். வாரத்துக்கு முப்பது மணி நேரம் சூப்பர் மார்க்கெட்டில் வேலை. ஒரு பாடத்தில் தோல்வி. ஒன்பதாவது வாரத்தில் கணக்கு வகுப்பிலிருந்து விலகுகிறாள். விலகினால் மதிப்பெண் சராசரி அடிவாங்காது என்று தோழி சொன்னது சரிதான். ஆனால் விலகிய பாடமும் "எடுத்த கிரெடிட்" கணக்கில் நிற்கும். 12க்கு 6: ஐம்பது சதவீதம். எச்சரிக்கைக் கடிதம் வருகிறது. அடுத்த செமஸ்டரில் மறுபடி 12 எடுத்து, ஒன்றே ஒன்றில் மட்டும் தவறுகிறாள். மொத்தம் 24க்கு 15, அதாவது 62.5 சதவீதம். உதவித்தொகை நிற்கிறது. முறையீடு செய்யலாம், அப்படி ஒரு வழி இருப்பது அவளுக்குத் தெரிந்தால்.

இன்னொன்று. செமஸ்டரின் 60 சதவீதம் முடிவதற்குள் எல்லாப் பாடங்களையும் விட்டு விலகினால், உதவித்தொகையின் ஒரு பகுதி அரசுக்குத் திரும்பிப் போகும். அந்தத் துண்டு, கல்லூரிக்கு மாணவர் தர வேண்டிய பாக்கியாக மாறிவிடும். சில நூறு டாலர்தான் இருக்கும். பாக்கி இருந்தால் பதிவுக்குத் தடை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு செமஸ்டர் விட்டவள், திரும்பி வரும்போது கதவு பூட்டியிருக்கிறது.

கடன் வாங்கலாமே என்று கேட்கலாம். பல ஹிஸ்பானிக் குடும்பங்கள் படிப்புக் கடனைக் கண்டு அஞ்சுகின்றன. கடன் வாங்குவதற்குப் பதில் கூடுதல் ஷிஃப்ட் வேலை, குறைந்த கிரெடிட். மேலே சொன்ன 12-15 கணக்கைப் போட்டுப் பாருங்கள்; சிக்கனம் பார்த்ததற்கே தண்டனை. குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை, கடன் இரண்டுமே கிடையாது.

கிரெடிட் இல்லாத கணக்கு வகுப்பு

பல காலமாக, கம்யூனிட்டி காலேஜில் சேரும் மாணவருக்கு ஒரு தகுதித் தேர்வு வைப்பார்கள். மதிப்பெண் குறைந்தால் "அடித்தள வகுப்பு" என்று பள்ளிக் கணக்கையும் ஆங்கிலத்தையும் மறுபடி நடத்துவார்கள். இதற்குக் கட்டணம் உண்டு. பட்டத்துக்கான கிரெடிட் கிடையாது. சிலருக்கு இப்படி மூன்று படி. மூன்றையும் தாண்டிய பிறகுதான் முதல் கல்லூரிக் கணக்கு.

மறுபடி அதே பெருக்கல்தான். ஒவ்வொரு படியிலும் நூற்றில் 70 பேர் தேறினால் மூன்று படி முடிவில் 34 பேர். நல்ல எண்ணத்தோடு வைத்த ஏணி, வடிகட்டியாகிவிட்டது. அந்த வகுப்புகளில் ஹிஸ்பானிக், கறுப்பின மாணவர்கள்தான் அதிகம் உட்கார வைக்கப்பட்டார்கள்.

கலிபோர்னியா 2017இல் ஏ.பி. 705 என்ற சட்டம் போட்டு இதை மாற்றியது. தகுதித் தேர்வை ஓரம்கட்டிவிட்டு, பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து, பெரும்பாலோரை நேரடியாகக் கல்லூரிக் கணக்கில் சேர்க்க வேண்டும். தேவைப்பட்டால் கூடவே ஒரு துணை வகுப்பு வைக்கலாம். டெக்சாஸும் அதே ஆண்டு இப்படிப்பட்ட துணை வகுப்பு முறைக்குச் சட்டம் கொண்டுவந்தது. கலிபோர்னியாவில் முதல் முயற்சியிலேயே கல்லூரிக் கணக்கை முடிப்பவர்கள் பெருமளவு கூடினார்கள். தோற்பவர்களும் இருக்கிறார்கள், இன இடைவெளியும் மறையவில்லை. பேராசிரியர்கள் சிலர் இன்னும் எதிர்க்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது: துணை வகுப்பு பேருக்கு மட்டும் நடந்தால் பலவீனமான மாணவர் ஆழம் தெரியாமல் தள்ளிவிடப்படுகிறார்.

கல்லூரி மாறும்போது காணாமல் போகும் கிரெடிட்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு, பிறகு பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு என்பது காகிதத்தில் அருமையான, மலிவான திட்டம். அங்கே சேர்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் இளங்கலைப் பட்டம்தான் இலக்கு என்கிறார்கள். ஆறு ஆண்டில் அதைப் பெறுபவர்கள் சுமார் ஆறில் ஒருவர். ஒரு காரணம், புதிய கல்லூரி பழைய கிரெடிட்டை ஏற்க மறுப்பது. கல்லூரி மாறும் மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழக்கிறார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017இல் மதிப்பிட்டது. இரண்டாண்டு உழைப்பில் கிட்டத்தட்ட ஓராண்டு! பாடத்திட்டங்களை மாநில அளவில் பொருத்திவைத்தால் தீரக்கூடிய சிக்கல் இது. சில மாநிலங்கள் செய்திருக்கின்றன, பல செய்யவில்லை.

குடும்பம் தடையா, துணையா?

கல்லூரி இடைநிற்றல் ஆய்வில் 1970களிலிருந்து கோலோச்சியது வின்சென்ட் டின்டோவின் கோட்பாடு. கல்லூரியின் படிப்பிலும் சமூக வாழ்விலும் ஒன்றிப்போகிறவர் நிலைப்பார், ஒட்டாதவர் விலகுவார் என்பது அதன் சாரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றுவதற்கு முன்நிபந்தனையாக, பழைய உலகத்திலிருந்து, அதாவது வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும், மாணவர் கொஞ்சம் பிரிய வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. விடுதியில் தங்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அது பொருந்தலாம். தம்பியைப் பள்ளியில் விட்டு, பாட்டிக்கு மருத்துவமனையில் மொழிபெயர்த்துவிட்டு வகுப்புக்கு ஓடிவரும் பெண்ணுக்கு?

எல்லையோர ஊரான லரேடோவில் வளர்ந்த ஆய்வாளர் லாரா ரெண்டோன் 1994இல் வேறு கோணத்தில் பார்த்தார். பல மாணவர்கள் கல்லூரிக்குள் நுழையும்போதே "எனக்கு இங்கே இடமுண்டா" என்ற சந்தேகத்தோடு வருகிறார்கள். தானாக வந்து ஒட்டிக்கொள் என்று அவர்களிடம் சொல்வதில் பயனில்லை. ஆசிரியரோ அலுவலரோ முன்வந்து, உன்னால் முடியும், நீ கொண்டுவரும் அனுபவத்துக்கு இங்கே மதிப்பிருக்கிறது என்று காட்ட வேண்டும். இதற்கு அவர் வைத்த பெயர் ஏற்பளிப்பு (validation). வகுப்புக்கு வெளியே அந்த வேலையைப் பெற்றோரும் செய்ய முடியும் என்றார். பாட்டி "போய்ப் படி கண்ணு" என்று சொல்வதும் கணக்கில் சேரும்.

நடைமுறையில் இது என்னவாகிறது? பெற்றோருக்கான அறிமுகக் கூட்டத்தை ஸ்பானிஷிலும் நடத்துவது. சனிக்கிழமை வைப்பது, ஏனென்றால் வார நாளில் கூலி போய்விடும். தேர்வு வாரம் என்றால் என்ன, அந்த வாரம் மகள் ஏன் உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வர முடியாது என்று அம்மாவுக்குச் சொல்வது. குடும்பம் எதிர்க்கவில்லை, அதற்குத் தகவல் இல்லை என்ற புரிதல் இருந்தால் இதையெல்லாம் செய்யத் தோன்றும். "பெற்றோர் படிப்பை மதிப்பதில்லை" என்று நம்பும் கல்லூரிக்குத் தோன்றாது.

எது வேலை செய்கிறது?

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ்களில் 2007இல் ஏசாப் என்ற திட்டம் தொடங்கியது. மாணவர்களில் ஹிஸ்பானிக், கறுப்பினத்தவர் கணிசம். இந்தத் திட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. இந்தத் துறையில் இதைவிட வலுவான ஆதாரம் உள்ளது வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

மாணவர் முழுநேரம் படிக்க ஒப்புக்கொள்ள வேண்டும். பதிலுக்கு, உதவித்தொகை போக மீதிக் கட்டணம் தள்ளுபடி, பாடப்புத்தகம் இலவசம், வேலைக்குப் போக வசதியாக ஒன்றையொன்று ஒட்டிய வகுப்பு நேரம். தொடக்க ஆண்டுகளில் ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள்தான். அதே கல்லூரிகளில் மற்ற மாணவர்களுக்கு ஓர் ஆலோசகரிடம் அறுநூறு பேருக்கு மேல்.

அப்புறம், மெட்ரோ கார்டு. சுரங்க ரயிலிலும் பஸ்ஸிலும் ஒரு மாதம் போய்வர அப்போது இருந்த பயண அட்டை. அதை வாங்க மாதாமாதம் ஆலோசகரைப் பார்க்க வந்தாக வேண்டும். ஏழை மாணவருக்கு அந்த அட்டை பெரிய பணம், கட்டாயம் வருவார். வந்தால் ஆலோசகர் கேட்பார்: கணக்கு எப்படிப் போகிறது? அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்தாயா? ஃபாஃப்சா கொடுத்தாயா? முன்னே பார்த்தோமே, அந்தக் கற்பனை மாணவி ஒன்பதாவது வாரத்தில் தோழியிடம் கேட்டதை இங்கே ஆலோசகரிடம் கேட்டிருப்பாள். பயணச் செலவைத் தீர்த்த அதே அட்டை, தகவல் பஞ்சத்தையும் தீர்க்கிறது. யோசித்தவருக்கு ஒரு சபாஷ்.

எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் இதைக் குலுக்கல் முறையில் சோதித்தது. தகுதியுள்ள மாணவர்களைக் குலுக்கிப் போட்டு, ஒரு பாதிக்கு ஏசாப், மறுபாதிக்கு வழக்கமான கல்லூரி. ஆர்வமுள்ளவர்கள் மட்டும் சேர்ந்துவிட்டார்கள் என்ற சந்தேகத்துக்கு இதில் இடமில்லை. மூன்று ஆண்டு முடிவில் இரண்டாண்டுப் பட்டம் பெற்றவர்கள்: ஏசாப்பில் 40 சதவீதம், மற்றவர்களில் 22 சதவீதம். ஒரு மாணவருக்கு ஆகும் செலவு கூடியது. பட்டம் பெறுபவர்கள் அதைவிட அதிகமாகக் கூடியதால், ஒரு பட்டத்துக்கு ஆகும் செலவு குறைந்தது. நியூயார்க்கில்தான் இது நடக்கும் என்றவர்களுக்குப் பதிலாக ஒஹாயோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகளில் செய்து பார்த்தார்கள். அங்கே 35 சதவீதம், 19 சதவீதம்.

அட்லாண்டாவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. ஒவ்வொரு செமஸ்டரும் சின்ன பாக்கிக்காகப் பலருடைய பதிவு ரத்தாவதைப் பார்த்து, 2011 முதல் அந்தப் பாக்கியைத் தானே அடைக்கும் சிறு மானியம் தந்தது. விண்ணப்பம் கூட வேண்டாம். படிப்பு ஒழுங்காக இருந்து பணம் மட்டும் துண்டு விழுந்தால் கணக்கில் ஏறிவிடும். 2012 முதல் தினமும் மாணவர் பதிவேடுகளைக் கணினி அலசி, தவறான பாடம் எடுத்தவர், முக்கியப் பாடத்தில் சறுக்கியவர் என்று ஆலோசகருக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. அங்கே ஹிஸ்பானிக் மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இருந்த பட்டம் முடிப்பு இடைவெளி மூடிவிட்டது. இதைக் கேட்டு மென்பொருளை மட்டும் வாங்கிப் போட்ட கல்லூரிகள் உண்டு. எச்சரிக்கை வந்தால் கூப்பிட்டுப் பேச ஆள் வேண்டுமே! ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் அதற்காக ஆலோசகர்களையும் கூட்டமாக வேலைக்கு எடுத்தது.

இதெல்லாம் வருவதற்கு வெகுமுன்பே, 1981இல், கலிபோர்னியாவின் ஹேவர்டில் உள்ள சபோ கல்லூரியில் ஓர் ஆங்கில ஆசிரியையும் ஓர் ஆலோசகரும் புவென்டே திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஆங்கில வகுப்பு, ஆலோசனை, சமூகத்திலிருந்தே ஒரு வழிகாட்டி, மூன்றும் ஒரே கட்டில். மாணவர்கள் கும்பலாக ஒரே வகுப்பில் படிப்பார்கள். லத்தினோ எழுத்துகளும் பாடத்தில் இருக்கும். இன்றும் பல கல்லூரிகளில் நடக்கிறது.

சுருக்கமாக: வெற்றி பெற்ற திட்டங்களில் புதுமையான கற்பித்தல் பெரிதாக இல்லை. பணம், நேரம், தகவல், ஒரு மனிதர், இவற்றைச் சேர்த்து, தவறாமல் கொடுத்தார்கள்.

"ஹிஸ்பானிக் சேவைக் கல்லூரி" என்றால் என்ன, என்ன இல்லை

கடைசியாக, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பெயர். ஒரு கல்லூரியின் இளங்கலை மாணவர்களில் குறைந்தது 25 சதவீதம் ஹிஸ்பானிக் என்றால், ஏழை மாணவர்கள் கணிசமாக இருப்பது போன்ற வேறு சில நிபந்தனைகளோடு, அது "ஹிஸ்பானிக் சேவை நிறுவனம்" என்று கூட்டாட்சி நிதிக்கு விண்ணப்பிக்கலாம். 1986இல் சான் அன்டோனியோவில் தொடங்கிய கல்லூரிகளின் சங்கம் ஒன்று இந்தப் பெயரைப் பரப்பியது. 1992இல் உயர்கல்விச் சட்டத்தில் ஏறியது. இன்று சுமார் 600 கல்லூரிகள். நாட்டின் கல்லூரிகளில் ஐந்தில் ஒரு பங்குதான். ஹிஸ்பானிக் இளங்கலை மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அங்கேதான் படிக்கிறார்கள்.

இது இடஒதுக்கீடு அல்ல. சேர்க்கையில் யாருக்கும் முன்னுரிமை தருவதில்லை. அந்த நிதியில் வாங்கும் ஆய்வகம், நியமிக்கும் பயிற்றுநர், ஆலோசகர் எல்லாம் அந்தக் கல்லூரியின் எல்லா மாணவர்களுக்கும்தான். அதே சமயம் இது தரச் சான்றிதழும் அல்ல. தலை எண்ணிக் கிடைக்கும் பெயர். அக்கம்பக்கத்து மக்கள்தொகை மாறியதாலேயே இந்தப் பட்டியலில் வந்து சேர்ந்த கல்லூரிகள் உண்டு. அவை எதையும் மாற்றவில்லை. சேர்ப்பதற்கும் சேவை செய்வதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான், 2004 முதல் இயங்கும் எக்செலென்சியா என்ற அமைப்பு, எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்பதோடு நிற்காமல் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் பார்த்து 2019 முதல் தனி முத்திரை வழங்கிவருகிறது.

2025இல் இந்த 25 சதவீத விதியே அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று டென்னசி மாநிலமும் இன்னோர் அமைப்பும் வழக்குப் போட்டன. அதை எதிர்த்து வாதாட மாட்டோம் என்று நீதித்துறை அமைச்சகம் சொல்லிவிட்டது. செப்டம்பரில், ஹிஸ்பானிக் சேவை நிறுவனங்கள் உட்பட சிறுபான்மையினர் அதிகம் படிக்கும் கல்லூரிகளுக்கான சுமார் 35 கோடி டாலர் போட்டி மானியங்களைக் கல்வி அமைச்சகம் நிறுத்தியது. இந்த மானியங்கள் வழக்கமாக ஐந்தாண்டுக்கானவை. பல கல்லூரிகள் ஆலோசகர்களையும் கணக்குப் பயிற்றுநர்களையும் அந்தப் பணத்தில்தான் வைத்திருந்தன. என் பார்வையில் பலவீனம் அங்கேயே இருக்கிறது. மாணவர் தொடர்வதற்கு அத்தியாவசியமான ஆட்களின் சம்பளத்தைக் கல்லூரியின் வழக்கமான வரவுசெலவில் வைக்காமல், வந்து போகும் மானியத்தில் வைத்தால், வழக்கு வராவிட்டாலும் ஆறாம் ஆண்டு அந்த இருக்கை காலியாகத்தான் போகும்.